ஐந்தாம் வகுப்பும் அவநம்பிக்கையும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, தம் ஆற்றலில் நம்பிக்கையுமில்லை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை, 1977 இல் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, 5 ஆம் வகுப்புடன் முடிந்தவை. பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். அதற்குமேற் படியில்லாதபோது கொழுந்துக் கூடையை நோக்கிய சிறுமியிடம் இருந்தது அவநம்பிக்கையன்று. தன் நிலைபற்றிய சரியான கணிப்பு.

வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் கொழும்பு நாலந்தாவிலும் கற்றார். தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதையாக்கினார். (அக்கவிதை எவரைப் பாடிற்றோ அவர்தம் பிள்ளைகளுக்கு அம்மொழி எட்டவில்லை.) அவரை விதிவிலக்கெனப் புகழ்வோர், அவருக்குத் திறந்த கல்லூரி வாயில் ஏனையோருக்கு ஏன் திறக்கவில்லையென வினவுவதேயில்லை.