தரையில் உட்கார்ந்த யூதர்கள்

யூதர்களை அரவணைத்த மண் கொச்சி என்பது நம்மிடையே புழங்கும் பெருமிதச் சொல்லாடல். பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து ரூபி டேனியல் எழுதிய ‘ரூபி ஆஃப் கொச்சின்’ (1995) அதன் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிற பிரதி என்றே நான் வாசிக்கிறேன்.

மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், நம்ம ஊர்க் கோயில் மாதிரி. ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட ‘மெஷுஹ்ராரிம்’ பிரிவினருக்கு முன்கூடத்துத் தரைதான் இடம். தோரா வாசிக்க அவர்களை அழைக்க மாட்டார்கள். வெள்ளை யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. ரூபி அந்தப் பிரிவில் பிறந்தவர்.

இதற்கு மதச்சட்டம் காரணமா? இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே, கொச்சியிலிருந்து போன கேள்விக்குக் கெய்ரோவின் ராபி டேவிட் இப்ன் சிம்ரா பதில் எழுதிவிட்டார்: முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தால் அவர்கள் முழு யூதர்கள், மண உறவும் கொள்ளலாம். சட்டம் திறந்த கதவை வழக்கம் நானூறு வருஷம் சாத்தியே வைத்திருந்தது.

அதை அசைத்தவர் ஏ.பி. சேலம். அதே பிரிவில் பிறந்த வழக்கறிஞர். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே நடத்தினார். தடைகள் ஒவ்வொன்றாக விலகின. ஆனால் 1950இல் அவர் மகன் பால்ஃபர், வெள்ளை யூதர்களான கோடர் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைப் பம்பாயில்தான் நடத்த முடிந்தது. உட்கார இடம் கொடுத்தவர்கள் பெண் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. சமபந்தி உணவைவிடக் கலப்பு மணமே சாதியின் அடித்தளத்தைத் தொடும் என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டது இதைத்தானே?

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு வாசிக்கையில் வேறொரு மணமும் குறுக்கே வருகிறது. வைணவ ஐயங்கார் குடும்பத்துச் சௌந்திரமும் மலையாளியான ஜி. இராமச்சந்திரனும் 1940இல் காந்தி முன்னிலையில் மணந்துகொண்டார்கள். 1947இல் காந்திகிராமத்தையே நிறுவிவிட்டார்கள். புது இடம் கட்டிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் வாய்க்குமா? கொச்சித் தம்பதி திரும்பிப் போக வேண்டியிருந்தது அதே ஜெப ஆலயத்துக்கு, அதே முகங்களுக்கு நடுவே.

ரூபியின் நூலில் நான் அதிகம் தங்குவது பெண்களின் மலையாளப் பாட்டுகளில். அவற்றை நோட்டுகளில் கைப்பட எழுதி வைத்திருந்தார்கள். ஆண்கள் எதிரிலேயே பாடினார்கள். வைதீக யூத உலகில் இது அபூர்வம். ஒரே பாட்டு வெவ்வேறு பிரிவுப் பெண்களின் நோட்டுகளிலும் கிடைக்கிறது. ஆண்கள் வகுத்த இருக்கை வரிசைக்கு அடியில் இப்படியொரு பொதுச் சொத்து இருந்திருக்கிறது. புகுந்த வீட்டில் ஒரு பெண் ‘நம்மாளு’ ஆவது சடங்கிலா, கூடச் சேர்ந்து பாட விடும்போதா? இந்தக் கேள்வியைப் பாட்டுகள்தான் எழுப்புகின்றன. ஆனால் பாட்டைப் பகிர்ந்த பெண்களாலும் சம்பந்தத் தடையை உடைக்க முடியவில்லை. இந்த முரணை மழுப்பிவிடக் கூடாது.

ரூபி 1951இல் இஸ்ரேல் போய்விட்டார். பெரும்பாலோர் பின்னாலேயே போனார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். கடைசியில் அந்தப் பத்துப் பேருக்கே மட்டாஞ்சேரியில் பஞ்சம் வந்தது.

நம் இயக்கங்கள் கலப்பு மணத்தை நடத்திவைத்து, மாலை மாற்றியதும் மேடையை விட்டு இறங்கிவிடுகின்றன. மறுநாள் அந்தப் பெண் எந்த வீட்டுக் கூடத்தில், யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று யார் கேட்கிறோம்?