'ஃபிராங்கன்ஃபுட்' என்னும் சொல்லும் மேரி ஷெல்லியின் புதினமும்

மரபணு மாற்றப்பட்ட உணவை இகழ்ந்துரைக்கும் 'ஃபிராங்கன்ஃபுட்' என்னும் சொல் உழவரிடமோ அறிவியலாரிடமோ தோன்றியதன்று. 1992இல் பாஸ்டன் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் பால் லூயிஸ் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அது இடம்பெற்றது. 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இவ்வாறு ஓர் உணவு விவாதத்தில் சான்றாக நிறுத்தப்பட்டது. அப்புதினம் எந்த அச்சத்திற்குச் சான்று பகர்கிறது என்பது ஆராயத்தக்கது.

பொதுமக்களின் அச்சத்தை அறியாமை என ஒதுக்குவதை மறுத்தவர்களுள் மெய்யியலாளர் மேரி மிட்ஜ்லி குறிப்பிடத்தக்கவர். அருவருப்பு என்னும் உணர்வினுள் இன்னும் சொல்வடிவம் பெறாத சிந்தனை இருக்கக்கூடும். அதை வெளிக்கொணர்ந்து ஆராய வேண்டும் என்பது 2000இல் வெளியான அவரது கட்டுரையின் கருத்து. உயிர்களைக் கழற்றி மாட்டத்தக்க பாகங்களின் தொகுதியாகக் காணும் பொறியியல் நோக்கை அவர் கேள்விக்குட்படுத்துவது வலுவான வாதமே. ஆயினும் உயிரின எல்லையைக் கடப்பதே தீங்கு என்று கொள்ளுமிடத்து இவ்வகை வாதம் தளர்ந்துவிடுகிறது. ஒவ்வோர் உயிரினத்திற்கும் மாறாத சாரம் உண்டு என்னும் பழங்கொள்கை டார்வினுக்குப் பின் நிலைபெறவில்லை. மனிதர் பன்னெடுங்காலமாக உண்டுவரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலேயே அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிரியின் மரபணுக்கள் இயற்கையாகப் புகுந்துள்ளமை 2015இல் அறியப்பட்டது.

புதினத்தில் அச்சம் இருமுறை எழுகிறது. படைப்பு கண்விழித்த இரவிலேயே விக்டர் அதன் தோற்றத்தை வெறுத்து ஓடுகிறான். அப்போது அது எத்தீங்கும் செய்திருக்கவில்லை. பின்வரும் கொலைகள் அந்தக் கைவிடுதலிலிருந்தே கிளைக்கின்றன. அருவருப்பை அறிவின் குரலாகக் கொள்வோர்க்கு இப்பகுதி துணைநிற்பதில்லை. இரண்டாம் அச்சம் வேறானது. பெண்துணையைப் படைக்கத் தொடங்கிய விக்டர், அவ்விரண்டும் இனம்பெருக்கி உலகில் பரவக்கூடும் என்றெண்ணி அதைப் பாதியிலேயே சிதைத்துவிடுகிறான். அச்செயலும் குற்றமற்றதன்று, வாக்குத் தவறிய அவன் அதற்குக் கொடிய விலை கொடுக்கிறான். எனினும் திரும்பப் பெறவியலாத விளைவு பற்றிய அவ்வச்சம் காரணம் காட்டி விவாதிக்கத்தக்கது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர் என்பதும் இங்கு நினையத்தக்கது. உணவின்மேல் அப்பெயரை ஒட்டும் வழக்கு, பொறுப்பைப் படைத்தவனிடமிருந்து படைக்கப்பட்ட பொருளுக்கு மாற்றிவிடுகிறது.

2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காய்க்கு இடைக்காலத் தடை அறிவித்த இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அதன் பாதுகாப்பைச் சார்பற்ற ஆய்வுகள் உறுதிசெய்ய வேண்டும் என்றார். அது விதையை உருவாக்கியோரையும் ஒப்புதல் அளிப்போரையும் நோக்கிய கோரிக்கை; கத்தரிக்காயின் இயல்பு கெட்டுவிட்டது என்னும் முறையீடு அன்று.