டிராகன் மீனுக்கு அளவு சொல்லுங்கள்

அக்கா பையன் ஆழ்கடல் டிராகன் மீன் பற்றிய வீடியோ ஒன்றைக் காட்டினான். ராட்சதன், பிசாசுன்னு பத்து நிமிஷம் பயங்காட்டுறாங்க. நீளம் எவ்வளவுன்னு ஒரு இடத்துலகூட இல்லை. "மாமா, இது நம்ம வீட்டைவிடப் பெருசா?" என்றான்.

என் குறையும் அதுதான். எங்க பெரிய காஞ்சிபுரத்துல யாளி புடவைக் கரையில் விரலளவு, கோயில் தூணில் ஆளுயரம். நேரில் பார்ப்பதால் குழப்பமில்லை. திரையில் அளவைச் சொல்லித்தான் ஆகணும்.

ஸ்டோமியாஸ் நெபுலோசஸ் என்ற டிராகன் மீனையே எடுத்துக்கலாம். 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் வங்கக் கடலிலும் பக்கத்துக் கடல்களிலும் பிடித்த மீன்களை ஆராய்ந்த ஆல்காக், 1889-ல் இதற்குப் பெயர் வைத்தார். நீளம் சுமார் ஒரு சாண்தான். அந்த ஆழத்தில் இரை அரிது. சிக்கினது நழுவாமலிருக்கத்தான் நீளமான பற்கள். வயிற்றோரம் வரிசையாக ஒளிப்புள்ளிகள். மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்தோடு கலந்து, கீழே இருக்கும் எதிரி கண்ணுக்கு நிழல் தெரியாமல் அவை மறைக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

பையனிடம் கையை விரித்து, "இவ்வளவுதான்டா" என்றேன்.

"அப்ப அது யாருக்குப் பயந்து ஒளியுது?"

வீடியோ அவனைக் கேட்க வைத்திருக்க வேண்டிய கேள்வி அது.