கருநொச்சி எது? உரைமரபுப் பெயரும் தாவர அடையாளமும்

ஆய்வுச்சுருக்கம்
சங்க நூல்களில் மனையருகிலும் மதிலிலும் இடம்பெறும் நொச்சி, இன்று பல தாவரங்களுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. அவற்றுள் 'கருநொச்சி' என்பது குடும்பத்தாலேயே வேறான ஒரு செடியைக் குறிக்கிறது. உரையாசிரியர் ஆண்ட கருநொச்சியை இன்றைய கருநொச்சியாகக் கொள்வது பொருந்தாது என்பதை இலை, பூ, அடைமொழி ஆகிய மூன்றன் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நொச்சி, கருநொச்சி, சிந்துவாரம், நச்சினார்க்கினியர், தாவர அடையாளம்.

முன்னுரை
பி.எல்.சாமி, கு.சீநிவாசன் முதலியோர் சங்கத் தாவரங்களைத் தாவரவியற் பெயர்களோடு இணைத்துக் காட்டிய பின்னர், அப்பெயர்களை அகராதிபோல் எடுத்தாளும் வழக்கம் ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்டது. பெயர் ஒன்றாயிருப்பதே பொருளும் ஒன்றாயிருப்பதற்குச் சான்றாகாது. நொச்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

ஒரு பெயர், பல செடிகள்
பொதுவாக நொச்சி எனப்படுவது வைடெக்ஸ் நெகுண்டோ. லின்னேயசு 1753இல் இப்பெயரை இட்டார். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் இதனை வெர்பினேசி குடும்பத்தில் வைத்தது. இன்றைய வகைப்பாடு துளசியும் தும்பையும் அடங்கும் லேமியேசி என்னும் புதினாக் குடும்பத்தில் இதனைச் சேர்க்கிறது. நீர்நொச்சி என்ற பெயர் கடற்கரைப் புதரான வைடெக்ஸ் டிரைபோலியாவுக்கும் ஆற்றோர மரமான வைடெக்ஸ் லியூகோசைலானுக்கும் வழங்குகிறது. கருநொச்சி என இன்று மூலிகை நூல்கள் சுட்டும் ஜஸ்டீசியா ஜெண்டருசாவோ ஆடாதொடையின் இனமாகிய அகாந்தேசி குடும்பத்தது.

இவற்றைக் களத்தில் பிரித்தறிதல் அரிதன்று. நொச்சியின் இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாக விரியும். சிற்றிலைகள் கூர்நுனியும் வெளிறிய அடிப்புறமும் உடையன. நடுச்சிற்றிலை தெளிவான காம்புடையது. டிரைபோலியாவின் சிற்றிலைகள் காம்பற்றவை, நுனி மழுங்கியவை. ஜெண்டருசாவுக்குச் சிற்றிலையே இல்லை. தனியிலை ஈட்டிபோல் நீண்டிருக்கும். நொச்சிப்பூவில் மகரந்தத்தாள் நான்கு, ஜெண்டருசாவில் இரண்டு. முன்னதன் கனி சதைப்பற்றுடையது. பின்னதன் கனி வெடிக்கும் உலர்காய். நொச்சியில் விளிம்பு மழுமையான இலையும் பல்விளிம்பு இலையும் ஒரே புதரில் காணக்கிடைப்பதால், இலைவிளிம்பை மட்டும் கொண்டு வகை பிரிப்பது உறுதியுடையதாகாது.

பாடல் தரும் சான்று
குறுந்தொகை 138ஆம் பாடல் நொச்சியிலையை மயிலின் அடிக்கு ஒப்பிடுகிறது. விரிந்த விரல்களையுடைய மயிலடி சிற்றிலைகளாகப் பிரிந்த இலைக்கே பொருந்தும். ஜெண்டருசாவின் தனியிலைக்குப் பொருந்தாது. நொச்சியின் இனமான வைடெக்ஸ் அல்டிசிமா மரம் மயிலை, மயிலடி எனத் தமிழில் வழங்குவதும் இவ்வுவமை புலவர் ஒருவரின் தனிக்கற்பனை அன்று என்பதை உணர்த்துகிறது.

அதே பாடலில் தலைவி இரவெல்லாம் உறங்காது நொச்சிப்பூ உதிரும் ஓசையைக் கேட்டிருந்ததாகத் தோழி கூறுகிறாள். மிகச் சிறிய பூவாயின்தான் அதன் ஓசையைக் கேட்டல் உறங்காமைக்குச் சான்றாகும். கனத்த பூவாயின் கூற்று வலுவிழக்கும். ஆகவே தாவர அடையாளம் இங்கே பாடலின் பொருளாழத்தையே தாங்கி நிற்கிறது. பூ நீலமணிபோன்றது என்ற குறிப்பும் நொச்சியின் நீலஊதாப் பூவுக்கு இயைகிறது. ஜெண்டருசாவின் பூ வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்து ஊதாப் புள்ளிகள் உடையது.

உரை தரும் சிக்கல்
குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் சிந்துவாரம், தும்பை, துழாய் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. இன்றைய வகைப்பாட்டில் இம்மூன்றும் ஒரே குடும்பத்தன. சிந்துவாரத்திற்கு நச்சினார்க்கினியர் கருநொச்சிப்பூ எனப் பொருள் கூறுகிறார். உ.வே.சாமிநாதையரின் 1889ஆம் ஆண்டுப் பத்துப்பாட்டுப் பதிப்பால் இவ்வுரை பரவலாயிற்று. வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம் வெண்பூவுடையதைச் சிந்துவாரம் என்றும் நீலப்பூவுடையதை நிர்குண்டி என்றும் பிரிப்பதால் சிக்கல் மேலும் இறுகுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்க அடைமொழி துணைசெய்கிறது. சங்கப் பாடல்களில் நொச்சியின் கருமை பூங்கொத்துக்கே அடையாகிறது; தண்டுக்கோ இலைக்கோ அன்று. இன்றைய கருநொச்சியின் கருமையோ தண்டின் நிறத்தைச் சார்ந்தது. எனவே உரையாசிரியரின் 'கரு' என்னும் அடை கருநீலப் பூவுடைய நொச்சியையே சுட்டியது எனக் கொள்வதே பாடல் மரபோடு இயையும். பாவப்பிரகாசத்தின் பாகுபாட்டைத் தமிழுரையின்மேல் ஏற்றுதல் வேண்டியதில்லை.

நொச்சியின் பண்பாட்டு நிலையும் இதற்கு அரணாகிறது. புறநானூறு 271, 272ஆம் பாடல்களில் மகளிர் உடுக்கும் தழையும் மதில் காக்கும் மறவன் சூடும் கண்ணியும் ஒரே செடியினின்று வருகின்றன. நற்றிணை 200ஆம் பாடலில் விழா அறிவிக்கும் குயவன் நொச்சிமாலை அணிகிறான். தொல்காப்பியம் உழிஞையுள் அடக்கிய மதில்காவலைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சிப்படலமாகத் தனித்து விரித்தது. மாலைக்கும் கண்ணிக்கும் உரியது நீண்ட பூங்கொத்துடைய செடியே.

இன்றைய தேவை
மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பம் செடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் கடல்மணலில் டிரைபோலியாவும் வளர்வதால், ஊர்ப்பெயர் மட்டும் இனத்தைத் தீர்மானிக்காது. 2010களில் கொசுக்கட்டுப்பாட்டுக்கென நொச்சிக் கன்றுகளைச் சென்னை மாநகராட்சி வழங்கியபோது, இச்செடி மீண்டும் மனையருகே வந்தது. நாட்டு மருந்துக்கடையில் இலை உலர்ந்து நொறுங்கிய நிலையில் கிடைக்கும்போது சிற்றிலை அமைப்பு என்னும் முதன்மை அடையாளம் அழிந்துவிடுகிறது. எஞ்சுவது பெயர்ச்சீட்டு ஒன்றே. பெயர் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும்.

முடிவுரை
சங்க நொச்சியும் நச்சினார்க்கினியரின் கருநொச்சியும் வைடெக்ஸ் நெகுண்டோவின் எல்லைக்குள் அடங்குவன. இன்றைய கருநொச்சி பெயரளவில் மட்டுமே அவற்றோடு உறவுடையது. சங்க நூற்பதிப்புகளின் அருஞ்சொற்பொருளில் 'கருநொச்சி' என வாளா குறிப்பதை விடுத்து, 'கருநீலப் பூங்கொத்துடைய நொச்சி' என விளக்குதல் மயக்கத்தைத் தவிர்க்கும். இலைவடிவம், பூநிறம், அடைமொழி சேருமிடம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கும் இம்முறையைப் பெயர்மயக்கமுள்ள பிற சங்கத் தாவரங்களுக்கும் விரித்துப் பார்க்கலாம்.