ஆரணியாற்றுக்கு மேலே தெலுங்கு, கீழே தமிழ்

பருவநிலை மாற்றத்தை மனத்தில் கொண்டு மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் வேலைமுறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு ஐரோப்பாவில் வலுத்து இப்போது நம் பக்கமும் வந்திருக்கிறது. விமானத்தில் போகாதீர்கள், காணொலியிலேயே வேலையை முடியுங்கள், தாளில் அச்சிடாதீர்கள், இயந்திர மொழிபெயர்ப்பை யோசித்துப் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்குக்கும் தமிழுக்கும் இடையே வேலை செய்பவர்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பயணம். இங்கே மொழிபெயர்ப்பாளர் வேலூரிலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் வருகிறார். காட்பாடியில் ரயிலேறிப் பாகாலா வழியாகத் திருப்பதி போகிறார். அவரிடம் போய்ப் பயணத்தைக் குறைக்கச் சொல்வதில் பொருளில்லை. குறைக்க வேண்டியவர்கள் கருத்தரங்கு நடத்துபவர்கள். திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்படியிருந்தும் டெல்லியிலிருந்து ஆளை ரேணிகுண்டா விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கும் வழக்கம் எரிபொருளையும் வீணாக்குகிறது, உள்ளூர்த் திறமையையும் ஒதுக்குகிறது. இந்த இடத்தில் அறிவுரை சரி. அது போக வேண்டிய விலாசம்தான் வேறு.

காணொலி விஷயம் இவ்வளவு எளிதல்ல. சேஷாசலம் காடுகளில் செம்மரம் வெட்டியதாகப் பிடிபடும் தொழிலாளர்களில் பலர் திருவண்ணாமலை, ஜவ்வாது மலைப் பக்கத்துத் தமிழர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தக் காட்டில்தான். இத்தகைய வழக்குகள் தெலுங்கு புழங்கும் நீதிமன்றத்துக்கு வருகின்றன. தனக்குப் புரியாத மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தைப் புரியும் மொழியில் கேட்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவே அதைச் சொல்லியிருந்தது. சிறையிலிருந்து காணொலியில் ஆஜர்படுத்தினால் காவல் வண்டிக்கு டீசல் மிச்சம், காவலர்களுக்கு ஒரு நாள் மிச்சம். அடுத்த வாய்தா தேதியைச் சொல்வதற்கு அது போதும். சாட்சி விசாரணைக்குப் போதாது. ஒலி பாதியில் விட்டுவிட்டு வருகிறது. திரையில் முகம் உறைந்து நிற்கிறது. மலையூர்க்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். புரிந்து ஆட்டினாரா, பயந்து ஆட்டினாரா என்று அறிய மொழிபெயர்ப்பவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காட்டைக் காப்பதற்கான வழக்கில் சுற்றுச்சூழலின் பெயரைச் சொல்லி அந்த நாற்காலியை எடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்புக்கு மின்சாரமும் தண்ணீரும் எங்கோ வெளிநாட்டில் செலவாகின்றன என்று இனி சொல்ல முடியாது. விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் மாபெரும் தரவு மையம் அமைப்பதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். ஒரே அறிவிப்பை நான்கு அலுவலகங்கள் நான்கு முறை இயந்திரத்தில் போட்டு, நான்கையும் யாரும் சரிபார்க்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. வேகம் இயந்திரத்தின் பெரும் பலம். மழை நாளில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் எந்த ஊர்த் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்தவர்கள் வேண்டியிருப்பது எல்லையில். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திராவுக்கும் போனபோது கோடு நிலத்தில் விழுந்தது; ஆறுகள் பழைய வழியிலேயே ஓடுகின்றன. ஆரணியாற்றின் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் திறந்துவிடும் தண்ணீர் சுருட்டப்பள்ளியைத் தொட்டு ஊத்துக்கோட்டைக்குள் நுழைகிறது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் வெள்ளம் வந்து, கொசஸ்தலை ஆற்றின் வழியாகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2021 நவம்பரில் திருமலை மலைப்பாதைகளில் மண் சரிந்து, ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து, கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்த அந்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இரவில் மேலேயிருந்து வரும் செய்தி தெலுங்கில், இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று இருக்கும். அப்படியே தமிழாக்கினால் மொழிபெயர்ப்பில் பிழை இராது. ஆற்றோரம் ஆடு கட்டியிருப்பவருக்குப் பயனும் இராது. தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து சேரும், எந்தத் தரைப்பாலத்தைக் கடக்கக் கூடாது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்தி கைக்கு வந்ததும் பொறியாளரைத் திருப்பி அழைத்து இவற்றைக் கேட்பார். எல்லையின் ஆந்திரப் பக்கமும் தேவை உண்டு: நகரியிலும் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழ் பேசி, தெலுங்கு எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் முதியவர்கள் நிறையப் பேர்.

பல மொழி அறிவிப்பு நமக்குப் புதிதல்ல. திருமலையில் ஒலிபெருக்கி தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பேசுவதைத் தரிசனத்துக்குப் போன எல்லோரும் கேட்டிருப்பார்கள். மலைமேல் பக்தருக்குக் கிடைக்கும் அந்த வசதி ஆற்றங்கரைக்காரருக்கும் கிடைக்க வேண்டும்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் வரைவை நான்கு முறை அச்சிடுவது வீண்தான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததுபோல் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் படுத்துவிடும் நாளில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய இருமொழித் துண்டறிக்கை வேலை செய்யும். அதற்கான தாளைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் தன் கரிமத் தடத்தை அளந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த அளவுகோலில் இந்த எல்லையோர வேலைக்கு இடமே இல்லாததுதான் குறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஜூலையிலோ ஆகஸ்டிலோ, எச்சரிக்கை வாசகங்களை இரு மொழியிலும் எழுதி, ஊர்ப்பெயருக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு இரு மாநில அலுவலகங்களிலும் வைத்துவிடலாம். இரவு பத்து மணிக்கு அவசரமாக மொழிபெயர்ப்பதைவிட இது மலிவு, பிழையும் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இரவுகளில் அழைத்தால் எடுப்பதற்கு மண்டலத்துக்கு ஒருவர் வேண்டும். குப்பத்திலும் திருப்பதியிலும் படித்து வெளிவரும் இருமொழியாளர்களிடையே அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. விழித்திருக்கும் இரவுக்குச் சம்பளத்தை எந்த மாநிலம் தருவது என்பதை இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.