பொன்னெழுத்தும் பென்சில் எழுத்தும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்து அப்ரைட் பியானோ ஒன்றின் வயதை அறிய வேண்டுமா? கட்டைகளை மூடும் பலகையில் பொன்னெழுத்தில் மின்னும் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். பல பியானோக்களில் அது செய்தவர் பெயரல்ல, விற்றவர் பெயர். எங்கோ செய்து வாங்கியதில் தன் பெயரைப் பொறித்து விற்பது அந்நாளைய கடைக்காரர்களின் வழக்கம்.

பெயரைவிடப் பக்கத்திலுள்ள பதக்கப் படங்கள் நாணயமானவை. லண்டன் 1851, பாரிஸ் 1867, பாரிஸ் 1878 என்று கண்காட்சிகளில் வாங்கிய பரிசுகளைக் கம்பெனிகள் ஒன்றுவிடாமல் பொறித்துக்கொண்டன. கடைசிப் பதக்கத்தின் ஆண்டுக்கு முன்னால் அந்தப் பியானோ பிறந்திருக்க வழியில்லை. ஜம்பமாகப் போட்டுக்கொண்டது, பிறப்புச் சான்றாகிவிடுகிறது!

அடுத்து வெள்ளைக் கட்டைகள். நல்ல வாத்தியமென்றால் மேலே யானைத் தந்தம் ஒட்டியிருக்கும். அதிலும் ஒரு நுட்பம்: விரல் படும் அகன்ற முன்பகுதிக்கு ஒரு தகடு, கறுப்புக் கட்டைகளுக்கு இடையே ஒடுங்கிப் போகும் வாலுக்கு இன்னொன்று. இரண்டும் சேருமிடத்தில் மயிரிழையாய் ஒரு கோடு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தந்தத்துக்குள் ஓடும் ரேகையும் தெரியும். மூடியே கிடந்த பியானோவின் தந்தம் மஞ்சள் பாரிக்கும். வெளிச்சம் கண்டது வெளுப்பு மாறாமல் இருக்கும். நன்றாக வாசிக்கப்பட்டதில் நடு ஸ்தாயிக் கட்டைகள் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். கட்டைகளை எண்ணியும் பாருங்கள். மொத்தம் 85 என்றால், 88 என்ற கணக்கு எங்கும் நிலைபெறுவதற்கு முந்தைய வழக்கம் அது.

முன்பலகையைக் கழற்றினால் அசல் விருந்து. சுத்தியல்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் வரிசைகட்டி நிற்கும். பறவைக் கூண்டு என்றே இந்த அமைப்புக்குப் பெயர். தந்தியின் அதிர்வை அடக்கும் கம்பளித் துண்டுகள் சுத்தியல்களுக்கு மேலே இருப்பதால், அவற்றை இயக்க இத்தனை கம்பிகள். தந்தியின் ஓரத்தில் அமர்வதால் அவை ஒலியை முழுசாக அடக்குவதில்லை. விரலை எடுத்த பிறகும் நாதம் சற்றே இழையும். சுருதி சேர்ப்பவர்களுக்கு இந்தக் கூண்டு கைக்குத் தடை. காதுக்கோ அந்த இழைவு ஒரு தனிச் சுகம். ஆனால் இதை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இங்கிலாந்துக்காரர்கள் கூண்டை விடவில்லை.

கடைசியாக, இடக்கோடிக் கட்டையை உருவிப் பாருங்கள். பக்கவாட்டில் வரிசை எண்ணோ, கட்டை செய்தவரின் முத்திரையோ இருக்கலாம். சிலவற்றில் தொழிலாளியின் பென்சில் கையெழுத்தும் கிடைக்கும். பிராட்வுட் பியானோ என்றால் எண் போதும். அந்தக் கம்பெனியின் பழைய ஏடுகள் வோக்கிங் நகரிலுள்ள சர்ரே வரலாற்று மையத்தில் இருக்கின்றன. எந்தப் பியானோ எந்த நாளில் யார் வீட்டுக்குப் போயிற்று என்று சுமந்து போனவர்களுக்காக எழுதிய ஏடுகளும் அவற்றில் உண்டு.

பொன்னெழுத்து வாங்க வருபவருக்காக எழுதியது. பென்சில் கிறுக்கலும் சுமைக்கணக்கும் வேலை நடப்பதற்காக எழுதியவை; யாரையும் மயக்கும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. வயது விஷயத்தில் அவற்றின் சாட்சியே செல்லும்.