இரண்டு சாரதாக்கள்

1990இல் வெளிவந்த ‘கேளடி கண்மணி’யில் ராதிகாவின் பெயர் சாரதா. மனைவியை இழந்த ரங்கராஜை அவள் மணந்துகொள்ள விரும்புகிறாள். அவருடைய மகள் அனுவுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தையின் பிடிவாதத்துக்கு முன்னால் சாரதா விலகிப் போகிறாள். வாசல்வரை வந்து திரும்பிய பெண். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியபோது ராதிகாவின் பெயர் மீண்டும் சாரதா. இந்த முறை அவள் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். காவேரிக்குச் சித்தியாகிவிட்டாள். பெயர்ப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டு சாரதாக்களுக்கும் நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. அடுத்தவர் படத்தில் சம்பளத்துக்கு நடித்த பெண், தன் தொடரைத் தானே தயாரிக்கும் முதலாளி ஆகியிருந்தார்.

ஏன் ஆக வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு வயதுக் கணக்கு போதும். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ பாஞ்சாலியாக வந்தபோது ராதிகா பதினாறைத் தொட்டும் தொடாத பெண். 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயியாக, வளர்ந்த பிள்ளைக்குத் தாய். 1995இல் ‘பசும்பொன்’னில் பிரபுவுக்குத் தாய். பிரபு அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர்! அதே 1995இல் ‘முத்து’வில் நாற்பத்தைந்தை நெருங்கிய ரஜினிக்கு ஜோடி மீனா, பதினொரு ஆண்டுகளுக்கு முன் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’தில் அவரோடு குழந்தை நட்சத்திரமாக நடித்தவர். விருமாயியின் நடிப்பைப் புகழ்ந்து எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

ராதிகா 1994இல் ராடான் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய சன் டிவி ஏற்பாட்டில், தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். அதில் தனக்கு ஒதுக்கப்படும் விளம்பர நொடிகளைத் தானே விற்றுக்கொள்வார். தொடர் ஓடினால் லாபம். ஓடாவிட்டால் நஷ்டமும் அவருடையதே. சாரதாவின் கண்ணில் நீர் தளும்பும் நேரத்தில் காட்சி உறைந்து நிற்பதும், அடுத்த நொடி சோப்பு விளம்பரம் வருவதும் இந்த வியாபாரத்தின் இலக்கணம். நம் கண்ணீர் நொடிக்கணக்கில் விற்கப்பட்டது. விற்றவர் ஒரு பெண். பெண் முதலாளியானதைக் கொண்டாடும் நாம் இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். இரவு ஒன்பதரை. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, காலைக்கு அரிசி உளுந்து பார்த்து வைத்தபின் ஒரு பெண் உட்காரக்கூடிய முதல் அரை மணி. பல வீடுகளில் அந்த அரை மணிக்காகவே இரவுச் சமையல் முன்னதாக முடிந்தது. “இப்ப கூப்பிடாதீங்க” என்று வீட்டு ஆண்களிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலிசெய்து பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்கியவர்கள் பேசியது அந்தக் காரணத்தின் மேலிருந்த எரிச்சலைத்தான் என்று நினைக்கிறேன். சிவாஜி அழுதால் நடிப்பு, ராதிகா அழுதால் அழுகாச்சி என்று ஒரு ரசனைச் சட்டம் எழுதப்பட்டதும் அப்போதுதான்.

இனி ‘சித்தி’ என்ற சொல். தமிழில் அப்பாவின் இன்னொரு மனைவிக்கு நல்ல பெயர் கிடையாது. கம்பன் இராமனுக்குக் கைகேயியைச் ‘சிற்றவை’ ஆக்குகிறான். காட்டுக்கு அனுப்புகிறவளும் அவளே. நாட்டார் கதைகளில் சித்தி சோறு போடாதவள், சூடு வைப்பவள். அதே சொல் அம்மாவின் தங்கையையும் குறிப்பதால் அன்பும் அச்சமும் அதில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அந்தச் சொல்லை ஒரு தொடரின் தலைப்பாக்கி, நாட்டையே பாசத்தோடு உச்சரிக்க வைத்தது சிறிய காரியமில்லை.

எப்படி உச்சரிக்க வைத்தார் என்பதில்தான் எனக்கு வழக்கு. முதல் சாரதாவுக்கு ஆசை இருந்தது. ரங்கராஜ் அவளுக்கு வேண்டும், தனக்காக வேண்டும். கணவன், படுக்கை, பேச்சுத்துணை எல்லாவற்றையும் கேட்கிற வயது வந்த பெண்ணின் ஆசை அது. இரண்டாவது சாரதாவுக்கோ பொறுமைதான் குணம். கொடுமைக்காரச் சித்தியின் படத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் தெய்வமாகிவிட்ட சித்தியை மாட்டினார்கள். பெறாத பிள்ளையிடம் சில நாள் பாசமும் சில நாள் சலிப்புமாக இருக்கிற, சாதாரணமான சித்தி ஒருத்தி நடுவில் நிற்க இடமில்லாமல் போயிற்று. வாரத்துக்கு ஐந்து நாள் தாங்கிக்கொள்வதுதான் நாயகியின் வேலை என்றால், அவள் நிமிர்ந்துவிடும் அன்றைக்குத் தொடர் முடிந்துவிடும். அரை மணியை வாடகைக்கு எடுத்தவருக்கு அது கட்டுப்படியாகாது.

‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’ என்று வரிசை நீண்டது. 2013இல் ‘வாணி ராணி’ தொடங்கும்போது ராதிகாவுக்கு ஐம்பது வயது. சினிமா முப்பதிலேயே தாயாக்கிவிட்ட உடலை, சின்னத்திரையில் ஐம்பதிலும் கதையின் நடுவிலேயே வைத்திருந்தார். அதுவும் இரட்டை வேடத்தில். வாணி வழக்கறிஞர், ராணி இல்லத்தரசி. ஒருத்தி உரத்துப் பேசுவாள், மற்றவள் விழுங்குவாள். ராதிகாவின் கனத்த குரல் வாணியிடம் வாதமாகவும் ராணியிடம் தழுதழுப்பாகவும் மாறுவதைக் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டாலே போதும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல், 1,700க்கும் அதிகமான பகுதிகளில் இதைத் தளராமல் செய்வது என்ன மாதிரியான உழைப்பு என்று நடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் யோசிக்கவில்லை.

வேலைக்குப் போகும் பெண்ணையும் வீட்டிலிருக்கும் பெண்ணையும் இரண்டு உடலாக வெட்டினால்தான் கதை நடக்கும் என்பது தமிழ்ச் சமூகத்தின் பழைய ஏற்பாடு. அந்த இருவரையும் நடித்த மூன்றாவது பெண்ணைத்தான் நான் அந்தத் தொடரில் தேடிக்கொண்டிருந்தேன். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் தலைவி. கால்ஷீட், சம்பளப் பட்டியல், சேனல் பேரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒப்பனை போட்டுக்கொண்டு ராணியாக அழ உட்காருகிறவள். பணத்தைப் பற்றி வெட்கமில்லாமல் பேசத் தெரிந்த பெண். வாணியிலும் அவள் இல்லை, ராணியிலும் இல்லை. அவளை எழுதியிருந்தால் ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்த பெண்கள் சேனலை மாற்றியிருப்பார்களா? மாற்றியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். விளம்பரம் கொடுத்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

2020 ஜனவரியில் ‘சித்தி 2’ வந்தது. மறுபடியும் சாரதா. மறு ஆண்டு, அரசியல் வேலைகளின் நடுவே, ராதிகா அந்தத் தொடரிலிருந்து விலகினார். தாங்கிக்கொண்டே இருந்த சாரதாவுக்கு ஒருநாளும் வாய்க்காத வெளியேற்றம் அவளை நடித்தவருக்கு வாய்த்தது. இதற்கு மேல் முடியாது, வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து போவது. அவர் போன பிறகும் தொடர் அதே தலைப்பில் மாதக்கணக்கில் ஓடியது.